முப்பத்தேழு டிகிரி மெழுகு

மார்கழி விடியலில் திருவான்மியூர் வீடுகளில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. அந்த எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரியில் உறைந்துவிடும்; கடற்காற்று வீசும் அந்நேரத்துக் குளிர் அதற்கும் சற்றுக் கீழே போயிருக்கும். பாட்டிலை வெந்நீரில் நிறுத்துவோம். மேலே இளகி வழியத் தொடங்கிய பிறகும் அடியில் ஒரு வெள்ளைக் கட்டி வெகுநேரம் கரையாமல் அடம்பிடிக்கும். குறைமாதக் குழந்தையைக் காப்பாற்றும் ஒரு இயற்பியல் அந்தக் கட்டிக்குள் இருக்கிறது.

உருகும் பொருள் வெப்பத்தை விழுங்கிக்கொண்டே இருக்கும், ஆனால் அதன் சூடு ஏறாது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடியைத் தளர்த்தவே அவ்வளவும் செலவாகிறது. ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்கத் தேவைப்படும் வெப்பத்தைக் கொண்டு, அதே ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் இதை அளந்து காட்டினார். பள்ளியில் உள்ளுறை வெப்பம் என்று படித்தது இதைத்தான். திரும்ப உறையும்போது அந்தப் பொருள் விழுங்கியதை எல்லாம் வெளியே விடும். விட்டு முடிக்கும்வரை ஒரே சூட்டில் நிற்கும். மெழுகு போன்ற சில பொருட்கள் 37 டிகிரியை ஒட்டி உருகுகின்றன. நம் உடம்பின் சூடும் அதுதான்.

இந்த மெழுகைக் கையில் எடுத்தவர்கள் மாணவர்கள். 2007-ல் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில், ஏழை நாடுகளுக்கான மலிவான கருவிகளை வடிவமைக்கும் பாடம் ஒன்றில் ஜேன் சென், லைனஸ் லியாங், நாகானந்த் மூர்த்தி, ராகுல் பணிக்கர் நால்வரும் ஒரே குழுவில் சேர்ந்தார்கள். மேலாண்மை படித்தவரும் பொறியியல் படித்தவர்களும் கலந்த குழு அது. ராகுல் பணிக்கர் நம் பக்கத்துச் சென்னை ஐஐடியில் பட்டம் பெற்றுப் போனவர். குறைமாதக் குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் மருத்துவமனை இன்குபேட்டரின் விலை அப்போது சுமார் 20,000 டாலர். அதன் நூற்றில் ஒரு பங்கு விலைக்கு ஒன்று செய்ய வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு வந்த வேலை.

இருக்கும் பெட்டியைப் பிரித்து, விலை கூடிய பாகங்களைக் கழற்றிவிட்டு, சிக்கனமாக மறுபடி கோப்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். லைனஸ் நேபாளத்துக்குப் போய்ப் பார்த்தார். மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் இருந்தன, ஆனால் காலியாக இருந்தன. குழந்தைகள் பிறந்தது மலைக் கிராமங்களில். நகரத்து மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்குள் பல குழந்தைகள் உடல் குளிர்ந்து இறந்துபோயின. விலை குறைந்த பெட்டி இருந்திருந்தாலும் அதுவும் அங்கே காலியாகத்தான் கிடந்திருக்கும். வகுப்பறையில் கொடுத்த கேள்வியே தவறு என்று பயணத்தில்தான் தெரிந்தது. மேசையில் உட்கார்ந்து எத்தனை அட்டவணை போட்டாலும் அது தெரிந்திருக்காது.

பிறந்த குழந்தை ஏன் இவ்வளவு சீக்கிரம் குளிர்கிறது? எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல் பரப்பு பெரியவர்களைவிட மிக அதிகம். அந்தப் பரப்பு முழுவதிலும் வெப்பம் கசிகிறது. பெரியவர்களைப் போல நடுங்கிச் சூடு உண்டாக்கவும் அதற்கு வராது. தோள்பட்டை, கழுத்துப் பக்கம் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சமாளிக்கும். அந்தக் கொழுப்பு சேர்வதோ கர்ப்பத்தின் கடைசி வாரங்களில். குறைமாதத்தில் பிறந்ததற்கு அந்தச் சேமிப்பும் இல்லை.

ஆகவே கரண்டே இல்லாத வழியிலும் சூட்டைத் தாங்கி நிற்கும் ஏதோ ஒன்று வேண்டும். குழந்தையைப் பொதிந்துவைக்கும் தூங்குபை, அதன் முதுகுப் பக்கம் மெழுகு அடைத்த உறை என்று குழு முடிவு செய்தது. அரைமணி நேரம் போலச் சூடாக்கி உருக்கினால், உறை நான்கு முதல் ஆறு மணி நேரம் 37 டிகிரியை விடாமல் பிடித்திருக்கும். படிப்பு முடிந்ததும் பெங்களூருக்குக் குடிபெயர்ந்து இதையே நிறுவனமாக்கினார்கள். பெயர் எம்பிரேஸ், அரவணைப்பு என்று பொருள்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் அதற்குப் பிறகு வருகிறது. தொடக்க மாதிரியில் சூட்டைக் காட்டும் எண் இருந்தது. ஒரு கிராமத்துத் தாயிடம் காட்டியபோது, இங்கிலீஷ் மருந்து வீரியமானது, டாக்டர் ஒரு ஸ்பூன் சொன்னால் நாங்கள் பாதிதான் கொடுப்போம் என்றார். 37 என்று சொன்னால்? முப்பதோடு நிறுத்திவிடுவேன், குழந்தைக்கு நல்லது என்றார். அறியாமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. என் வீட்டுப் பெரியவர்களும் இருமல் மருந்தை இப்படித்தான் பாதியாக்கிக் கொடுத்தார்கள். பிள்ளைக்கு எதுவும் அதிகமாகிவிடக் கூடாது என்ற பயம் அது. ஆனால் ஏழு டிகிரி குறைந்தால் மெழுகு உருகவே உருகாது. குழு எண்ணை எடுத்துவிட்டது. சூடு சரி, சரியில்லை என்ற இரண்டு குறிகள் மட்டுமே மிஞ்சின.

தாயின் நெஞ்சுச் சூட்டுக்கு இது மாற்று இல்லை. 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கிய கங்காரு முறை, அதாவது குழந்தையைத் தாயின் தோலோடு தோலாக அணைத்துவைப்பது, இன்று உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சிசேரியன் ஆன தாய் மயக்கத்தில் இருக்கும்போதும், அவர் வேறு இடத்தில் இருக்கக் குழந்தையை மட்டும் வண்டியில் கொண்டுபோகும்போதும் பை துணைக்கு வருகிறது.

2011-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த அந்தப் பையின் தயாரிப்புக்குப் பின்னாளில் கைகொடுத்தது சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ். உறை ஆறியதும் மறுபடி சூடாக்கி, குறியைப் பார்த்துவிட்டு, அடுத்த குழந்தையைப் பொதிகிறார்கள்.