படம் அனுப்புவதிலும் பக்குவம் வேண்டும்!

எங்கள் புதுவையில் பல வீடுகளில் பிள்ளையோ பெண்ணோ பிரான்ஸில் இருப்பார்கள். அங்கே பேரன் தவழ்ந்தால், அடுத்த நிமிஷமே இங்கே பாட்டியின் வாட்ஸ்அப்புக்குப் படம் வந்துவிடும். செல்போனில் பார்க்கப் பளிச்சென்றுதான் இருக்கும். சுவரில் மாட்டலாமென்று ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனால், "பெரிசாப் போட்டா மங்கிடும்மா" என்கிறார்கள். ஏன் அப்படி?

படம் சீக்கிரம் போய்ச் சேர, வாட்ஸ்அப் அதைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. 12 மெகாபிக்சல் படத்தில் நீளவாக்கில் சுமார் 4000 புள்ளிகள் உண்டு. சாதாரணமாக அனுப்பினால் அது சுமார் 1600 ஆகிவிடும். அச்சு தெளிவாக விழ அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். ஆறு அங்குல நீளத்துக்கு 1800. பன்னிரண்டு அங்குலத்துக்கு 3600. 1600 எந்த மூலைக்கு? போன புள்ளி போனதுதான். சுண்டக் காய்ச்சிய பாலில் தண்ணீர் விட்டால் பழைய பாலாகுமா?

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் காலமானபோது, மாலை போட நல்ல படம் இல்லை. அசல் இருந்த செல்போனை விற்றாயிற்று. வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பெரிதாக்கியதில் கண்ணும் மூக்கும் கலங்கிப் போயின. அந்த அம்மாள் படத்தையே பார்த்துக் கொண்டிருந்தது இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை.

சகோதரிகளே, வழி சுலபம்தான். வாட்ஸ்அப்பில் படத்தை 'போட்டோ'வாக அனுப்பாமல், 'டாக்குமெண்ட்' என்பதைத் தொட்டு, அதன் வழியாக அனுப்பச் சொல்லுங்கள். அசல் அப்படியே வரும். 2023-ல் வந்த 'எச்.டி.' முறை சாதாரணத்தைவிட மேல். ஆனால் அதிலும் கொஞ்சம் சுருக்கம் உண்டு. நிறையப் படங்கள் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்பலாம். உள்ளூர் ஸ்டூடியோவுக்குப் பென்டிரைவே போதும். ஸ்க்ரீன்ஷாட் மட்டும் வேண்டவே வேண்டாம்!

நம்மூரில் 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், அந்தக் காலத்துத் தமிழ் ஸ்டூடியோக்களில் எடுத்த குடும்பப் படங்களைத் தேடிப் பிடித்து, டிஜிட்டல் பிரதி எடுத்து வைத்திருக்கிறது. தாத்தா பாட்டிகள் காகிதத்தில் விட்டுப் போனதால்தானே அது முடிந்தது?

ஆகவே, செல்போனை மாற்றுமுன் அசல் படங்களை வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் நல்ல படம் ஒன்றையாவது இப்போதே பிரிண்ட் போட்டு வையுங்கள். நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம்.