சாரற்காற்றும் சாய்வு வண்டியும்

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசியிலிருந்து குற்றாலத்திற்கு மிதிவண்டியில் சென்றவர்கள் இதனை அறிவார்கள். தூரம் ஏறத்தாழ 5 கிலோமீட்டரே. களைப்போ அதனினும் பன்மடங்கு. செங்கோட்டைக் கணவாய் வழியே பாய்ந்துவரும் பருவக்காற்று நெஞ்சில் மோதுகிறது. எவ்வளவு குனிந்து மிதித்தாலும் வண்டி நகர மறுக்கிறது. திரும்பும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளி வீடு சேர்க்கிறது.

எதிர்க்காற்றை வெல்லும் வண்டியொன்று உண்டு. சாய்வு நாற்காலியில் இருப்பதுபோல் அமர்ந்து, கால்களை முன்னே நீட்டி மிதிக்கும் வண்டி அது. இரண்டு சக்கரங்களுடனும் செய்கிறார்கள். மூன்று சக்கரங்களுடனும் செய்கிறார்கள். வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும் என்பது இயற்கை நியதி. நிமிர்ந்து அமர்பவர் தம் மார்பு முழுவதையும் காற்றுக்குக் காட்டுகிறார். தாழச் சாய்ந்தவரைக் காற்று தழுவிக் கடந்துவிடுகிறது.

பிரான்சு நாட்டில் சார்லஸ் மொஷே என்பவர் தம் மகனுக்காக நான்கு சக்கர மிதிவண்டியொன்றைச் செய்தார். அதிலிருந்து வளர்ந்ததே அவருடைய இரு சக்கரச் சாய்வு வண்டி. 1933 ஜூலை 7 அன்று பிரான்சிஸ் ஃபோர் அவ்வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டி, 1914 முதல் நிலைத்திருந்த 44.247 கிலோமீட்டர் சாதனையை முறியடித்தார். பாராட்டு கிடைத்ததா? பன்னாட்டு மிதிவண்டிச் சங்கம் 1934இல் மிதிவண்டிக்குப் புதிய இலக்கணம் வகுத்து, இத்தகைய வண்டியைப் பந்தயங்களிலிருந்து விலக்கிவிட்டது. வழக்கத்திற்கு மாறானது என்பதற்காக நல்லதொன்று வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது.

வேகம் ஒருபுறம் இருக்கட்டும். மூன்று சக்கர வண்டியின் பெருமை வேறு. அதில் விழுந்துவிடுவோம் என்ற அச்சம் குறைவு. முதியோருக்கும், உடல் தள்ளாடுவோருக்கும் அது துணை. தாழ இருப்பதால் பேருந்து ஓட்டுநர் கண்ணில் படாமற்போகும் இடர் உண்டு. ஆகையால் உயரமான கொடியொன்றைக் கட்டிக்கொள்கிறார்கள்.

இவ்வண்டிக்கு நம் தெருக்களிலேயே ஓர் உறவினர் உண்டு. மாற்றுத்திறனாளிகள் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளைத்தான் சொல்கிறோம். ஜெர்மனியில் நியூரம்பர்க் அருகே வாழ்ந்த ஸ்டீபன் ஃபார்ஃப்ளர் என்ற கடிகாரத் தொழிலாளி, நடக்க இயலாத நிலையில் 1655இல் தமக்கெனத் தாமே அத்தகைய வண்டியைச் செய்துகொண்டார். நம் நாட்டில் 1972இல் கான்பூரில் அமைக்கப்பட்ட மத்திய அரசின் செயற்கை உறுப்புகள் உற்பத்திக் கழகம் இவ்வகை வண்டிகளைச் செய்து வருகிறது.

நம் பங்கிலும் அப்படியொரு வண்டி உண்டு. அதன் உரிமையாளரான பெரியவர், ஞாயிறுதோறும் கோவிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, அங்கிருந்தே திருப்பலி காண்பார். காற்றுக்காக அமர்ந்திருக்கிறார் என்றே எண்ணியிருந்தோம். ஒருநாள் சாரலில் நனைந்தபடி இருந்தவரிடம், "ஐயா, உள்ளே வரலாமே!" என்றோம். அவர் சிரித்துக்கொண்டே, "மூணு படி இருக்குல்லா சாமி!" என்றார்.

எத்தனையோ ஆண்டுகள் அப்படிகளில் ஏறி இறங்கியவர்கள் நாம். அவை படிகள் என்பதே அன்றுதான் நமக்குத் தெரிந்தது! படிகளின் மொத்த உயரம் ஒன்றரை அடி. 1 அடி உயரத்திற்கு 12 அடி நீளம் என்னும் கணக்கில் 18 அடிக்குச் சாய்தளம் அமைத்தோம். செலவோ சில மூட்டைச் சிமெண்டும், ஒரு கொத்தனாரின் இரண்டு நாள் கூலியும்.

அன்புக் குடும்பங்களே! எதிர்க்காற்றை வெல்ல மனிதன் வண்டி செய்துவிட்டான். நாம் கட்டிவைத்த மூன்று படிகளைத் தாண்ட அவனுக்கு வண்டி இல்லை. இன்று மாலை உங்கள் வீட்டு வாசலை ஒருமுறை அளந்து பாருங்கள். அங்கே வெளியே நிற்பவர் யார்?