தொட்டிலருகே ஓர் ஆசிரியை

ஒரு குழந்தை வளர்வதைக் காண்பது இன்பம். இரு குழந்தைகள் ஒன்றையொன்று வளர்ப்பதைக் காண்பது அதனினும் பெரிய இன்பம். முதற் குழந்தைக்குத் தாயும் தந்தையுமே உலகம். இரண்டாம் குழந்தைக்கோ அந்த உலகில் மூன்றாமவர் ஒருவரும் இருக்கிறார். அதன் கண்கள் பெரியவர்களைவிட, தன்னிலும் சிறிதே உயரமான அந்த மூன்றாமவரைத்தான் மிகுதியும் நாடுகின்றன.

மும்பையில் குடியிருக்கும் எங்கள் இல்லத்தில் இப்போது இருவர் வளர்கின்றனர். மூத்தவள் பெண்; நான்கு வயதை நெருங்குகிறாள். இளையவனுக்கு 14 மாதம் நிரம்பியுள்ளது. இந்த மாதங்களில் நாங்கள் கண்டவற்றுள், நம் சங்கத்துக் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடியவை சில உண்டு. அவற்றை இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

அரியணை இழந்த அரசி

தம்பி பிறந்ததும் மூத்தவள் துள்ளி மகிழ்ந்தாள் என்று எழுதினால் அது உண்மையாகாது. தம்ளரில் பால் குடிக்கப் பழகியிருந்தவள் மீண்டும் புட்டி கேட்டாள். தம்பிக்குக் கட்டிய தூளியில் தானும் ஏறிப் படுத்தாள். "பாப்பாவை ஊருக்கு அனுப்பிவிடலாம்" என்று ஒரு நாள் தீர்ப்பும் வழங்கினாள். இரண்டரை ஆண்டுகள் தனியரசு செலுத்தியவள் தன் அரியணையைப் பங்கிட்டுக்கொள்ள முதலில் மறுப்பது இயல்பேயன்றிக் குற்றமன்று.

இங்கிலாந்தில் ஜூடி டன், கரோல் கெண்ட்ரிக் என்னும் இரு அம்மையார் 40 குடும்பங்களில் இதனையே ஆராய்ந்து 1982-இல் நூலாக வெளியிட்டனர். பிறந்த குழந்தையைப் பசியும் விருப்பமும் உடைய ஓர் ஆளாகக் கருதி, அதன் தேவைகளைப் பற்றி மூத்த குழந்தையோடு பேசிய தாய்மார்களின் வீடுகளில், பின்னாளில் உடன்பிறந்தாரிடையே நட்பு மிகுந்திருந்ததை அவர்கள் கண்டனர். "தொடாதே, தள்ளிப் போ" என்பதைக் காட்டிலும், "தம்பி ஏன் அழுகிறான்? பசியா, வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதா? நீயே பார்த்துச் சொல்" என்று கேட்பது எங்கள் வீட்டிலும் பயனளித்தது. மூத்தவள் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டுத் தானே சென்று சன்னல் திரையை இழுத்து மூடினாள். அன்றுதான் அவள் அக்காவானாள் எனலாம்.

பாடம் தொடங்கியது

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்தனர். தலைநிமிர்த்தி முகமசைத்து ஆடுவது செங்கீரை, கைகொட்டுவது சப்பாணி, தளர்நடையிட்டு வருவது வருகை. அப்பருவங்களை எங்கள் வீட்டில் நடத்திவைத்தவள் மூத்தவளே. நாங்கள் கைகொட்டிக் காட்டியபோது சின்னவன் எங்கள் முகத்தைப் பார்த்தான். அவள் கைகொட்டியபோது அவளுடைய கைகளைப் பார்த்தான். ஒன்பதாம் மாதத்தில் அவனும் கொட்டினான். அவள் கரண்டியால் தட்டில் தாளமிட்டால் அவனும் தாளமிட்டான். அவள் உணவை வேண்டாவென்று தலையசைத்தால், பசியோடிருந்தும் அவனும் தலையசைத்தான்!

அவள் கண்டுபிடித்த விளையாட்டு ஒன்று உண்டு. கிலுகிலுப்பையைத் துண்டின் கீழ் ஒளித்துவிட்டு, "எங்கே போச்சு?" என்பாள். ஆறாம் மாதத்தில் சின்னவன் அதை அக்கணமே மறந்து வேறெங்கோ பார்ப்பான். ஒன்பதாம் மாதத்திலோ துண்டை இழுத்தெறிந்து கிலுகிலுப்பையை எடுத்துவிட்டான். கண்ணுக்கு மறைந்த பொருளும் உலகில் இருக்கிறது என்னும் அறிவு குழந்தைக்கு இப்பருவத்தையொட்டி வளர்வதை, சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் பியாஜே இத்தகைய சோதனைகளாலேயே விளக்கினார். எங்கள் மகளோ அவரை அறியாமலே அச்சோதனையை நாள்தோறும் நடத்தினாள்.

கற்பிப்பவளும் கற்றாள். எங்களிடம் மூச்சுவிடாமல் பேசுபவள், தம்பியிடம் திரும்பியதும் குரலை உயர்த்தி, "பாப்பா, இங்கா குடி. தாச்சி போலாமா?" என்று சிறுசிறு சொற்களாகப் பேசினாள். கேட்பவனின் அளவறிந்து பேசும் இக்கலையை அவளுக்கு எவரும் கற்பிக்கவில்லை. முற்கூறிய இங்கிலாந்து ஆய்வாளரும் இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளிடம் இதனையே கண்டு பதிந்துள்ளனர்.

ஆயினும் ஆசிரியைக்கு வயது குறைவு என்பதைப் பெற்றோர் மறத்தலாகாது. அன்பு மிகுதியால் அவள் நிலக்கடலையையும் முறுக்குத் துண்டையும் தம்பியின் வாயில் ஊட்ட முனைவாள். அவை மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும். மணிகளும் சிறு நாணயங்களும் அத்தகையனவே. இருவரையும் தனியே விட்டு அகலாதிருப்பது கட்டாயம்.

எந்த மொழியில் பாடம்?

இனி, வெளியூரில் வாழும் நமக்கே உரிய செய்திக்கு வருவோம்.

பச்சிளங் குழந்தையின் செவி எம்மொழியின் ஒலியையும் பிரித்தறிய வல்லது. கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்போர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு இதனைக் காட்டுகிறது. இந்தி மொழியிலுள்ள டகரத் தகர ஒலிகளின் வேறுபாட்டை, ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதத்தில் நன்கு உணர்ந்தனர். பத்து முதல் பன்னிரண்டு மாதத்திற்குள் அவர்களுட் பெரும்பாலோர் அத்திறனை இழந்தனர். நாள்தோறும் கேளாத ஒலியைச் செவி கைவிட்டுவிடுகிறது. ஆகவே முதலாண்டில் தொட்டிலருகே எவர் எம்மொழியில் பேசுகின்றனர் என்பது சிறிய செய்தியன்று.

எங்கள் மூத்தவள் மூன்று வயதில் அருகிலுள்ள பால்வாடிக்குச் செல்லத் தொடங்கினாள். சில வாரங்களில், தண்ணீர் 'பாணி' ஆயிற்று. தம்பியை 'இகடே யே' என்று அழைக்கலானாள். அங்குள்ள சிறு பிள்ளைகள் தன்னைத் 'தாயி' என்று அழைப்பதைப் பெருமையோடு கூறினாள். மராத்தியில் அச்சொல்லுக்கு அக்கா என்று பொருள். சின்னவனோ அவள் சொன்னதையெல்லாம் வாங்கிக்கொண்டான். அவன் தண்ணீர் கேட்க முதலில் ஒலித்ததும் 'பா... பா...' என்பதே.

அமெரிக்காவில் கெல்லி பிரிட்ஜஸ், எரிக்கா ஹாஃப் என்போர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதனோடு ஒத்துப்போகிறது. ஸ்பானிய மொழியும் ஆங்கிலமும் வழங்கும் வீடுகளில், பள்ளி செல்லும் அண்ணனோ அக்காவோ உள்ள குழந்தைகள் ஆங்கிலத்தில் முந்தியிருந்தனர். அத்தகைய மூத்தவர் இல்லாத குழந்தைகள் ஸ்பானிய மொழியில் முந்தியிருந்தனர். பள்ளியின் மொழி பெற்றோர் வழியாக அன்று, மூத்த குழந்தையின் வழியாகவே வீட்டினுள் நுழைகிறது.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், மகாராஷ்டிரத்தில் தமிழைத் தாய்மொழியாகக் குறித்தோர் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டவர். அவர்களுள் எத்தனை வீடுகளில் உடன்பிறந்தார் தமக்குள் தமிழில் பேசிக்கொள்கின்றனர் என்பதை எந்தக் கணக்கெடுப்பும் கேட்பதில்லை. பெற்றோரிடம் தமிழில் விடையளித்துவிட்டுத் தமக்குள் வேற்று மொழியில் பேசிக்கொள்ளும் அண்ணன் தம்பியரை நாம் எத்தனையோ இல்லங்களில் காண்கிறோம். அவர்கள் வளர்ந்தபின் அம்மொழியே அவர்தம் வீட்டு மொழியாகிறது. தமிழ் பெற்றோரோடு நின்றுவிடுகிறது.

நாம் செய்யத்தக்கவை

மராத்தியையோ இந்தியையோ குழந்தையின் வாயிலிருந்து விரட்டுதல் முறையன்று. நமக்கு வாழ்வளிக்கும் ஊரின் மொழி அது. இரண்டு மொழிகளைத் தாங்கும் வலிமை குழந்தைக்கு உண்டு. மூத்தவளைக் கடிந்தால் அவள் தமிழைத் தண்டனையாகக் கருதுவாள். அவளுக்குப் பதவி கொடுத்தால் அதனைப் பெருமையாகக் கருதுவாள்.

ஆதலால் எங்கள் மகளுக்கு ஒரு பதவி அளித்தோம். "பால்வாடியில் நீ தாயி; வீட்டில் நீ அக்கா. தம்பிக்குத் தமிழ் சொல்லித் தருவது அக்காவின் வேலை" என்றோம். இரவில் விளக்கணைக்குமுன் அவள் அன்று கண்டவற்றைத் தம்பிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். நிலவைக் காட்டிச் சோறூட்டுவதும், கை வீசி ஆடுவதும், சாய்ந்தாடுவதும் அவள் பொறுப்பு. ஞாயிறுதோறும் திருநெல்வேலியிலுள்ள பாட்டியோடு கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசும்போது, தம்பி புதிதாகக் கற்றதை அவளே பாட்டிக்கு எடுத்துரைக்க வேண்டும். பாட்டி பேரனைப் புகழ்வதோடு கற்பித்தவளையும் புகழ்வார். அப்புகழுக்காகவே அவள் வாரம் முழுவதும் உழைத்தாள்.

பதவி சுமையாகிவிடவும் கூடாது. அவளும் குழந்தையே. நாளில் அரைமணி நேரமேனும் தம்பி இல்லாமல் அவளுக்கென்றே மடி வேண்டும், கதை வேண்டும். அவளுக்கு நாம் சொல்லும் கதை இருவருக்கும் சொன்ன கதையாகும். ஏனெனில் மறுநாள் அது அரைகுறையாகத் தம்பியின் காதில் விழுந்தே தீரும்.

சென்ற மாதம் சின்னவன் தெளிவாகச் சொன்ன முதற் சொல் 'அம்மா' அன்று, 'அப்பா'வும் அன்று. 'க்கா' என்றான். தண்ணீரை இன்னும் 'பாணி' என்றுதான் கேட்கிறான், அதனால் குறையொன்றுமில்லை. ஆனால் இவ்விருவரும் பெரியவர்களாகித் தாமிருவர் மட்டும் பேசிக்கொள்ளப்போகும் மொழி எது என்பது, பள்ளியில் சேரும் நாளில் முடிவாவதன்று. மூத்தவள் தொட்டிலருகே அமர்ந்து பேசும் இந்நாட்களிலேயே அது முடிவாகிறது. இரண்டாம் குழந்தைக்குத் தமிழ் கற்பிக்க விரும்பும் அன்பர்கள் முதற் குழந்தையிடம் தொடங்குவார்களாக.