எந்த மணி?

எங்கள் வகுப்பில் மூன்று மணிகள். மணிமாறன், மணிகண்டன், சுப்பிரமணியன். வராண்டாவில் நின்று "டேய் மணி!" என்றால் மூன்று தலையும் திரும்பும். மூன்றுக்கும் அர்த்தம் ஒன்றுதானா?

மணிமாறனில் இருப்பது ரத்தினம். மணிகண்டன், கழுத்தில் மணி அணிந்தவன். சுப்பிரமணியன் கதைதான் வேறு. வடமொழியில் அது 'சு', 'பிரம்மண்ய' என்று பிரியும். பிரம்மண்யத்தின் வாலைத்தான் நாம் 'மணி' என்று வெட்டி எடுத்துக்கொண்டோம். அதில் ரத்தினமும் இல்லை, கோயில் மணியும் இல்லை. அந்த சுப்பிரமணியன் அடியேன்தான்! தாத்தா பெயர். பாட்டி இருக்கிற வீடு என்பதால் முழுப்பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதே இல்லை. எனவே வெட்டுப்பட்ட வால்தான் எனக்கு உண்மைப் பெயர். (அரியர் பீஸ் கட்டும் நாளில் பெயரில் மட்டும் 'மணி' இருந்து பிரயோஜனமில்லை என்பது தனிக்கதை.)

இதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் குழப்பம் உலக அளவுக்குப் போகிறது. ண, ன இரண்டுக்கும், குறில் நெடில் இரண்டுக்கும் அங்கே ஒரே எழுத்து. ஈரானிலும் அதே நான்கெழுத்தில் ஆண்களுக்குப் பெயர் உண்டு. ஆனால் வாசிப்பது 'மானி'. கி.பி. 216-இல் மெசபடோமியாவில் பிறந்து, சீனா வரை பரவிய ஒரு மதத்தை நிறுவியவர் பெயர் அது. பாரசீக மரபில் அவர் பெரிய ஓவியராகவும் பேசப்படுகிறார்.

ஐஸ்லாந்திலும் ஆண் பெயர்தான். உச்சரிப்போ ஏறக்குறைய 'மௌனி'! பொருள் சந்திரன். அந்நாட்டுப் பழங்கதையில் சந்திரன் அண்ணன்தம்பி வரிசை, சூரியன் அவனுடைய சகோதரி. நாம் பெண் குழந்தைக்கு நிலா என்று வைக்கிறோம், அவர்கள் பையனுக்கு வைக்கிறார்கள். அவர்களுடைய திங்கட்கிழமையும் இந்தச் சந்திரன் பெயரில்தான். நம்ம 'திங்கள்' மாதிரியே.

இத்தாலியில் போய் மணி என்றால் கைகளைக் காட்டுவார்கள். அங்கே 'மானி' என்றால் கைகள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கியூபா. அங்கே ஸ்பானிஷ் மொழியில் 'மனீ' என்றால் வேர்க்கடலை. கரீபியன் தீவுகளின் பூர்வகுடிகள் பேசிய சொல். ஸ்பெயின்காரர்கள் ஆண்டதால் பிலிப்பைன்ஸிலும் அதே பேர். அந்நாட்டுத் தலைநகர் மணிலாவை வைத்துத்தான் தென்னார்க்காடு பக்கம் நாம் மணிலாக்கொட்டை என்கிறோம். ஊர்ப் பெயருக்கும் கடலைக்கும் சொல்லளவில் உறவில்லை, தற்செயல்தான். ஆனாலும் மணிலா மார்க்கெட்டில் நின்று என் பெயரைச் சொன்னால், கடைக்காரர் மணிலாக்கொட்டையைத்தான் பொட்டலம் கட்டுவார்.