பாட்டன் பெயரும் பேர்த்தி பெயரும்

மகவுக்குப் பெயரிடுதலை நம் முன்னோர் எளியதொரு செயலாகக் கருதினாரல்லர். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுதல் தொன்றுதொட்டு வந்த வழக்கு. அப்பெயரைத் தாங்கினமையாலன்றோ அவன் 'பெயரன்' எனப்பட்டான். அதுவே 'பேரன்' என மருவியது. 'பேர்த்தி' என்னும் சொல்லினுள்ளும் பெயர் உண்டு. பாட்டியின் பெயரை அவளுக்கு இடுதல் பெருவழக்கு. எனினும், பாட்டனது பெயரையோ குலதெய்வமாகிய ஆண்தெய்வத்தின் பெயரையோ பெண்மகவுக்கு இடுதலும் உண்டு. அப்பொழுது ஆண்பாற் பெயர் எவ்வாறு பெண்பாற் பெயராகின்றது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

தொல்காப்பியர் விரவுப்பெயர்களை வகுக்குமிடத்துப் பெண்மை இயற்பெயர், ஆண்மை இயற்பெயர் எனப் பிரித்துக் கூறினார். உரையாசிரியர்கள் அவற்றுக்குச் சாத்தி, சாத்தன் என்பனவற்றை உதாரணமாகக் காட்டினர். கொற்றன், கொற்றி என்பனவும் அவ்வாறே வருவன. இங்கே ஒன்று கருதத்தக்கது. சாத்தி என்பாள் சாத்தனுடைய மனைவி என்பது இலக்கணத்தின் கருத்தன்று. பகுதி ஒன்றே, விகுதி மாத்திரம் வேறு. 'அன்' புணர்ந்துழி ஆணும் 'இ' புணர்ந்துழிப் பெண்ணும் உணரப்படும். இருவரும் ஒரு வேரினின்று கிளைத்த இரு கிளைகள் போல்வர்.

வடமொழி வழக்கு இதனின் ஓராற்றான் வேறுபட்டது. இந்திரன், பவன், உருத்திரன் முதலிய பெயர்கள் இந்திராணி, பவானி, உருத்திராணி என ஆகும் முறையைப் பாணினி முனிவர் விதந்து கூறினார். இவை இன்னானுடைய தேவி என்னும் பொருள் தருவன. ஆயினும் எல்லாப் பெயரும் அத்தகையன அல்ல. நாராயணி என்பது துர்க்கையின் திருநாமம். அவளைத் திருமாலுக்குத் தங்கை என்றே புராணங்கள் போற்றும். கௌமாரி குமரக் கடவுளின் சத்தியாக எழுமாதருள் எண்ணப்படுபவள். ஆகவே, பெயரின் ஈற்றை மாத்திரம் நோக்கி உறவைத் துணிதல் பொருந்தாது.

நாட்டு வழக்கில் இம்முறை இன்னும் விரிந்து காணப்படும். தென்பாண்டி நாட்டில் மாடன் என்னும் தெய்வத்தின் பெயர் பெண்ணுக்கு மாடத்தி என வழங்கும். கருப்பன் கருப்பாயி ஆவதும், இருளன் இருளாயி ஆவதும், இராமன் இராமாயி ஆவதும் தாயைக் குறிக்கும் 'ஆயி' என்னும் சொற் சேர்தலினாலாம். சுப்பிரமணியன் என்னும் நெடும் பெயர் 'சுப்பு' எனக் குறுகிச் சுப்பம்மாள், சுப்புலட்சுமி எனப் பெண்பெயர்களாய் வளர்ந்தமை யாவரும் அறிந்ததே.

யாழ்ப்பாணத்து முதியோர் பெயர்களை நோக்குவார்க்கு இணையிணையாக அமைந்த ஓர் ஒழுங்கு புலப்படும். பொன்னையா, பொன்னம்மா, செல்லையா, செல்லம்மா, முத்தையா, முத்தம்மா, இராசையா, இராசம்மா என்பன அவை. பின்வந்தோர் பரமேஸ்வரன், பரமேஸ்வரி எனவும், தவராஜா, தவராணி எனவும், சிவகுமாரன், சிவகுமாரி எனவும் அமைத்துக்கொண்டனர். மாணிக்கம், செல்வம் போன்ற பெயர்களோ பாலை உணர்த்தும் விகுதி பெறாதன. 'மாணிக்கம் வந்தான்', 'மாணிக்கம் வந்தாள்' என வினைமுற்றே அவற்றின் பாலைத் தெளிவிக்கும்.

இனி, ஆண்பெயரே முதல், பெண்பெயர் அதன் வழித்தோன்றல் என்று கொள்ளுதலும் முற்றும் பொருந்துவதன்று. உமாபதி, வள்ளிநாயகன், அம்பிகைபாகன் என்னும் பெயர்கள் பெண்பெயரை முன்னிறுத்தியே ஆணைச் சுட்டுகின்றன. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) அவர்களது பெயரிலும் அம்மையின் பெயரே முன்னிற்கின்றது. கொடுத்தலும் கோடலும் இருபாலார்க்கும் உரியனவாயின.

இவ்வாராய்ச்சி சொல்லளவில் முடிவதன்று. பெண்மக்களை மாத்திரம் பெற்ற தந்தையரை நோக்கி, "பேர் சொல்ல ஒரு பிள்ளை இல்லையே" என இரங்குவாரை நாம் இன்றும் காண்கின்றோம். அவ்விரக்கம் அப்பெண்மக்களின் செவியிலும் விழுகின்றது என்பதை அவர் எண்ணுவதில்லை. சாத்தன் பெயரைச் சாத்தியும் தாங்கலாம் என்பதற்கு நம் இலக்கணமே சான்று. அன்றியும், அவர் கூறும் 'பிள்ளை' என்னும் சொல்தான் யாது? அஃது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவன்றோ? நம் நாட்டில் சின்னப்பிள்ளை, அன்னப்பிள்ளை எனப் பெண்களுக்குப் பெயரிட்டு வழங்கினர். பெண்மகவைப் 'பிள்ளை' என்றே அன்புடன் அழைப்பதும் எம் வீடுகளில் நாள்தோறும் கேட்கும் வழக்கு. ஆதலின், மகள் பிறந்த வீட்டிலும் பேர் சொல்லப் பிள்ளை உண்டு என்க.