மூளை நாடிப் புடைப்பு: சிகிச்சைக்குப் பிறகும் ஸ்கேன் ஏன்?

மூளை நாடி கிளை பிரியும் இடத்தில் சுவர் மெலிந்து, பழைய சைக்கிள் ரியூப்போல ஒரு பக்கம் புடைத்துக்கொள்வதை வைத்தியர்கள் அனியூரிசம் என்கிறார்கள். வளர்ந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேரளவில் இது இருக்கிறது. பெரும்பாலானோருக்குக் கடைசிவரை தெரியவருவதில்லை. வெடித்தால் உயிராபத்து. வெடித்ததை அடைக்க முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. மண்டையோட்டைத் திறந்து புடைப்பின் கழுத்தில் கிளிப் போடுவதை வோல்ற்றர் டான்டி 1937இல் தொடங்கிவைத்தார். தொடை நாடி வழியே மெல்லிய குழாயைச் செலுத்திப் புடைப்புக்குள் பிளாட்டினச் சுருளை நிரப்பும் முறை குய்டோ குலியெல்மியுடையது. 1990இல்தான் முதல் நோயாளிக்குச் செய்யப்பட்டது. தலையைத் திறக்கத் தேவையில்லை என்றதும் குடும்பத்தாருக்குப் பாதி உயிர் திரும்பிவிடும். ஆனால் சுருள் வைத்தவருக்கு, வீடு திரும்பும் நாளில் சிகிச்சை முடிந்துவிடுவதில்லை.

இவ்விரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஐசற் ஆய்வு, வெடித்த புடைப்புள்ள 2143 பேரை எடுத்துக்கொண்டது. 2002இல் வெளியான முடிவின்படி, ஓராண்டில் இறந்தோரும் பிறர் துணையில் வாழ நேர்ந்தோரும் சுருள் பக்கம் 23.7 வீதம், கிளிப் பக்கம் 30.6 வீதம். சுருளுக்கே வெற்றி. பிறகு வந்த கணக்கு வேறு: மறுபடி சிகிச்சை தேவைப்பட்டோர் சுருளில் 17.4 வீதம், கிளிப்பில் 3.8 வீதம். காரணம் எளிது. எவ்வளவு நெருக்கமாகச் சுற்றினாலும் புடைப்பின் கொள்ளளவில் ஏறத்தாழ கால்பங்கைத்தான் கம்பி நிரப்பும். மிச்சம் உறைந்த இரத்தம். ஒவ்வொரு நாடித்துடிப்பும் அதன்மேல் மோத, சுருள் மெல்ல அமுங்கிக் கழுத்து திறக்கலாம். புடைப்பு பெரிதாகவும் கழுத்து அகலமாகவும் இருந்தால் இது அதிகம்.

அப்படியானால் எல்லோருக்கும் கிளிப் போட்டால் என்ன? அதற்கும் அதே ஆய்வு இடம் தரவில்லை. பிரித்தானியாவில் 1644 பேரைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்தபோது, முதலாண்டுக்குப் பின் அடைத்த புடைப்பே மீண்டும் கசிந்தது சுருள் வைத்த 809 பேரில் 13 பேருக்கு. கிளிப் போட்ட 835 பேரில் 4 பேருக்கு. பத்தாண்டு முடிவில் தம் காலில் வாழ்ந்தோரின் வீதம் சுருள் பக்கமே கூட. இதைக் காட்டி, மீண்டும் வெடிப்பது இவ்வளவு அரிதென்றால் ஸ்கேனுக்கு ஏன் அலைய வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்கேனில் திறந்து தெரிவதெல்லாம் வெடிக்கும் என்பதில்லைதான். ஆனால் அந்த 13 என்ற சிறிய எண், கண்காணிக்கப்பட்டு, தேவைப்பட்டால் மறுபடி அடைக்கப்பட்டவர்களிடமிருந்து வந்தது. கண்காணிப்பை நீக்கிவிட்டு அதே எண்ணை நாம் எதிர்பார்க்க முடியாது. மேலும், பரிசீலிக்கப்பட்ட 9559 பேரில், இரு முறையும் பொருந்தும் என்று கருதப்பட்ட 2143 பேரே ஆய்வில் சேர்ந்தார்கள். மற்றவர்களுக்கு அது தீர்ப்பாகாது.

யாழ்ப்பாணத்துக்கு இந்த வாதம் இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். கொழும்பில் சுருள் வைத்துக்கொண்டு வடமராட்சிக்கோ தீவகத்துக்கோ திரும்பும் ஒருவருக்கு, அடுத்த ஸ்கேன் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தள்ளி இருக்கலாம். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்; பயணமும் இழந்த நாட்கூலியும் இலவசமல்ல. தூரம் மருத்துவத்துக்குப் புறம்பான விடயம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். இரு முறையும் பொருந்தும் இளவயது நோயாளியிடம், தொடர்ந்து வர முடியுமா என்று வைத்தியர் கேட்டே தீர வேண்டும். முடியாதென்றால் கிளிப்பின் பக்கம் தராசு சற்றுச் சாயும். முதியவருக்கு அப்படியல்ல. உள்ளே உலோகம் இருப்பதால் எம்ஆர்ஐ கூடாது என்ற பயமும் பிளாட்டினச் சுருளுக்குத் தேவையில்லாதது. அருகில் எடுத்த படத்தைத் தூரத்து நிபுணர் பார்த்துச் சொல்ல ஒழுங்கு செய்தால் பயணங்கள் பல குறையும்.

கிளிப் போட்டவரும் கவலையை முழுதாக விட்டுவிட முடியாது. வேறோர் இடத்தில் புதுப் புடைப்பு வரலாம். புகைப்பழக்கமும் கட்டுப்படாத பிரஷரும் அதற்கு வழிவிடுபவை. புகையிலைக்குப் பேர்போன மண்ணில் இதைச் சொல்வது சிலருக்குக் கசக்கும். வார்ட்டை விட்டு வெளியேறும் முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: அடுத்த ஸ்கேன் எந்த மாதம், அதை யார் பார்ப்பார்? பதிலைக் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள்.