வித்தாச்சு... இனி உங்க பாடு!

புது செல்போன் வாங்கின மறுநாளே ஸ்பீக்கர் கரகரன்னு இரையுது. என்ன பண்ணுவோம்? பில்லைத் தூக்கிக்கிட்டுக் கடைக்கு ஓடுவோம். கடைக்கார அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்காம, "சர்வீஸ் சென்டருக்குப் போங்க தம்பி, எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல"ன்னு சொல்வார். வெளியே வந்து நாலு திட்டு திட்டிட்டு பஸ் ஏறுவோம். அவ்வளவுதான்.

இப்ப அந்த போனுக்குப் பதிலா, உங்க பையில இருக்கிறது ஒரு புத்தம்புது பிஸ்டல்னு வெச்சுக்கங்க!

அமெரிக்காவுல இது பழைய பஞ்சாயத்து. துப்பாக்கி வாங்கி, ரேஞ்சுக்குப் போய் சுட்டா தோட்டா சிக்குது. அல்லது டிரிகர் திரும்பி வரமாட்டேங்குது. கடைக்குத் திரும்பினா, "சுட்டுட்டீங்கல்ல? இனி அது செகண்ட் ஹேண்ட். கம்பெனிக்கு அனுப்பிக்கங்க"ன்னு பதில். இப்படிச் சொல்ற கடையும் உண்டு. "குடுங்க, நாங்க பார்த்துக்கறோம்"னு வாங்கி வைக்கிற கடையும் உண்டு. இதுல எது சரி?

கடைக்காரர் பக்கம் நியாயமே இல்லைன்னு சொல்லிட முடியாது. அவர் பல சமயம் சரக்கை எடுக்கிறது கம்பெனிகிட்ட இல்ல, நடுவுல இருக்கிற மொத்த விநியோகஸ்தர்கிட்ட. ஒரு பீஸ் பழுதுன்னா அவரும் அதே கம்பெனி போனுக்குத்தான் காத்திருக்கணும். போதாததுக்கு ரெஜிஸ்டர் தொல்லை. ஒரு துப்பாக்கி ராத்திரி கடையில தங்கினாலே வரவுப் பதிவேட்டுல ஏத்தணும். திருப்பிக் கொடுத்தா செலவுல எழுதணும். அரசு இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு சீரியல் நம்பரையும் தடவிப் பார்ப்பார். கணக்கு இடிச்சா லைசென்ஸுக்கே ஆபத்து.

ஆனா "பேப்பர் வேலை ஜாஸ்தி பாஸ்"ங்கிற சாக்கு முழுசா எடுபடாது. துப்பாக்கி வாங்குறவங்க 4473-ங்கிற படிவத்தை நிரப்பணும், குற்றப் பின்னணி சோதனையில தேறணும். பழுதுபார்க்கக் கொடுத்த துப்பாக்கியையோ, அதுக்கு மாற்றாத் தர்ற துப்பாக்கியையோ அதே ஆளுக்குத் திருப்பித் தரும்போது அந்தப் படிவம் மறுபடியும் வேண்டாம்னு மத்திய அரசு விதியே சொல்லுது. வாடிக்கையாளர் நின்னுக்கிட்டிருக்கும்போதே அன்னிக்கே சரிபண்ணிக் கொடுத்துட்டா ரெஜிஸ்டர்லகூட ஏத்த வேண்டாம். (மாநிலச் சட்டங்கள் தனி. அது ஒரு கடல்!)

சரி, வாங்கினவரே கம்பெனிக்கு நேரா அனுப்பினா என்ன? சட்டம் அதுக்கும் இடம் கொடுக்குது. ஆனா வழியிலதான் முள்ளு. கைத்துப்பாக்கியைச் சாதாரண ஆட்கள் தபால்ல அனுப்பக் கூடாதுன்னு 1927-லயே சட்டம் போட்டாங்க. இருந்த வழி தனியார் கூரியர். 2022-ல யு.பி.எஸ்., ஃபெட்எக்ஸ் ரெண்டும் லைசென்ஸ் இல்லாத ஆட்கள்கிட்ட துப்பாக்கி பார்சல் எடுக்கிறதை நிறுத்திட்டாங்க. அதனால கம்பெனி லேபிள் அனுப்பற வரைக்கும் காத்திருக்கணும், இல்ல லைசென்ஸ் உள்ள ஒருத்தரைப் பிடிக்கணும். லைசென்ஸ் உள்ளவர் யாரு? அதே கடைக்காரர்தான்! சுத்திச் சுத்தி அங்கேயேதான் வந்து நிக்குது.

ரீகால்னு ஒண்ணு இருக்கே?

இங்கதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மிக்சி, பொம்மை, சைக்கிள் ஹெல்மெட் எல்லாத்தையும் "திரும்ப வாங்கு"ன்னு உத்தரவு போட அமெரிக்காவுல நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இருக்கு. துப்பாக்கி மட்டும் அதுல சேத்தி இல்ல. 1972-ல ஆணையத்துக்கான சட்டம் எழுதும்போதே துப்பாக்கியை விலக்கிட்டாங்க. 1976-ல, தோட்டாவையும் தொடக்கூடாதுன்னு திருத்தம் கொண்டுவந்தாங்க. ஆக, கம்பெனியா மனசு வெச்சாத்தான் ரீகால்.

2017 ஆகஸ்ட்டுல சிக் சாவர் பி320 பிஸ்டல், குறிப்பிட்ட ஒரு கோணத்துல கீழே விழுந்தா தானா சுடும்னு சோதனைகள்ல தெரிஞ்சுது. அதே வருஷ ஜனவரியிலதான் அதோட ராணுவ மாடலை அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்திருந்தது. கம்பெனி இலவசமா டிரிகர் பாகங்களை மாத்திக் கொடுத்துச்சு. ஆனா அதுக்கு 'ரீகால்'னு பேர் வைக்கல, 'விருப்ப மேம்பாடு'ன்னாங்க. விருப்பமாம்!

இன்ஜினீயரிங் படிக்கிறவங்க அவசியம் பார்க்க வேண்டிய கேஸ், ரெமிங்டன் 700 வேட்டைத் துப்பாக்கி. 'வாக்கர் டிரிகர்'னு ஒரு அமைப்பு. டிரிகருக்கும் சியருக்கும் நடுவுல 'கனெக்டர்'னு ஒரு தனித் துண்டு. சுடும்போது அது டிரிகரை விட்டு விலகி மறுபடி வந்து உட்காரும். நடுவுல கொஞ்சம் அழுக்கோ, கெட்டியான எண்ணெயோ புகுந்தா சரியா உட்காராது. அப்புறம் சேஃப்டியைத் தள்ளினாலே வெடிக்கலாம், யாரும் டிரிகரைத் தொடாமலே. வடிவமைச்ச வாக்கரே 1948-ல ஒரு மாற்று யோசனை கொடுத்தார். துப்பாக்கிக்கு ஐந்தரை சென்ட் கூடுதல் செலவுன்னு கம்பெனி ஏத்துக்கல.

2000-ல மான்டானாவுல ஒரு அம்மா, தோட்டாவை வெளியே எடுக்கறதுக்காக சேஃப்டியைத் தள்ளினப்போ ரெமிங்டன் 700 வெடிச்சது. குண்டு பட்டு அவங்களோட ஒன்பது வயசு மகன் செத்துப்போனான். துப்பாக்கி பாதுகாப்பானதுதான்னு சொல்லிக்கிட்டே இருந்த ரெமிங்டன், கடைசியில ஒரு கூட்டு வழக்குல டிரிகரை மாத்தித் தர ஒத்துக்கிச்சு. அந்த ஒப்பந்தத்துல வந்த துப்பாக்கிகள் சுமார் 75 லட்சம். 2017 தொடக்கம் வரைக்கும் மாத்தித் தரக் கேட்டு வந்த விண்ணப்பங்கள்? ஏறக்குறைய 22,000!

ஏன் இவ்வளவு கம்மி? பல பேருக்குச் சேதியே போய்ச் சேரலங்கிறது ஒரு காரணமா இருக்கணும். கம்பெனிக்கு எந்த விநியோகஸ்தருக்கு அனுப்பினோம்னு தெரியும். யார் வீட்டு அலமாரியில இருக்குன்னு தெரியாது. துப்பாக்கி வெச்சிருக்கவங்களோட மத்தியப் பட்டியல் தயாரிக்கக் கூடாதுன்னு 1986 சட்டம் அரசாங்கத்தையும் தடுத்துடுச்சு. முதல்ல வாங்கினவரோட பேர், விலாசம், சீரியல் நம்பர் மூணும் ஒண்ணா இருக்கிற இடம் கடைக்காரரோட ஃபைல் மட்டும்தான்.

அதனாலதான் என் ஓட்டு, கடைக்காரர் பொறுப்பேத்துக்கணும்னு விழுது. பணத்தைத் திருப்பிக் கொடுன்னு நான் சொல்ல வரல. பழுதானதை வாங்கிப் பார்க்கணும், தப்பு துப்பாக்கியிலயா, மட்டமான தோட்டாவுலயா, பிடிச்ச கையிலயான்னு சொல்லணும், பெட்டியில போட்டு கம்பெனிக்கு அனுப்பணும். ஒரே மாடல் மூணு தடவை ஒரே மாதிரி திரும்பி வந்தா, அந்த பேட்டர்னை முதல்ல பார்க்கிற கண்ணு அவரோடது. அமெரிக்க வணிகச் சட்டமும், ஒரு பொருளை வியாபாரமா விக்கிறவர் அது உபயோகத்துக்கு லாயக்குன்னு சொல்லாமலே உத்தரவாதம் கொடுக்கிறதாத்தான் எடுத்துக்குது. 'உள்ளது உள்ளபடி'ன்னு பில்லுல எழுதித் தப்பிச்சுக்க வழியும் வெச்சிருக்காங்க, அது வேற கதை.

"கம்பெனிகிட்டயே போங்க"ன்னா, கம்பெனி இருக்கணுமே? 1816-ல தொடங்கின ரெமிங்டன் 2018-ல திவால் மனு கொடுத்துச்சு. 2020-ல மறுபடியும். அந்த வருஷமே பிராண்டு பிராண்டா பிரிச்சு ஏலத்துல வித்துட்டாங்க. டிரிகர் மாத்தித் தரக் கேட்கிற கெடுவும் அதே 2020 ஏப்ரல்லதான் முடிஞ்சுது.